குறை சொன்ன தரகர்

“இந்த வீடு உங்களுக்குச் சரிப்பட்டு வராதுண்ணே,” என்றார் தரகர், கதவைத் திறப்பதற்கு முன்பே.

மீனவர் தன் மனைவியைப் பார்த்தார். நேற்றுவரை, ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத பொந்தையெல்லாம் அரண்மனை என்று அளந்துவிட்ட மனுஷன் இவர். ஜன்னலே இல்லாத ஓர் அறையைக் காட்டி, திருட்டுப் பயம் கிடையாது என்று சொன்ன வாய் இது.

“புரோக்கர் வாயிலேர்ந்து உண்மை வருது. இன்னிக்கு மழைதான்,” என்று மனைவி அவர் காதில் கிசுகிசுத்தாள். மீனவருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சிரிக்கிற நிலைமையிலா அவர் இருந்தார்?

கடலோரத்து வீடுகள் ஒவ்வொன்றாகச் சாயம் பூசிக்கொண்டு, கடல் பார்க்க வருகிறவர்களுக்கான விடுதிகளாகிவிட்டன. கடலில் இறங்கிப் பிழைக்கிறவர்கள் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்டார்கள். அங்கிருந்து மீனவர் விழுந்தடித்துக் கரைக்கு வந்து சேர்வதற்குள் படகு கிளம்பிவிடுகிறது. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு ‘லேட்டு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பெயர் போனால் போகட்டும். இன்னொரு தடவை தாமதமானால் அவர் இடத்தில் வேறு ஆள் நிற்பான் என்று படகு முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேறு தொழில் எதுவும் அவருக்குத் தெரியாது. இந்த வயதில் யார் கூப்பிட்டுச் சொல்லித் தரப்போகிறார்கள்?

மற்ற வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் தரகர் தோள்பையைக் கிண்டுவார். அட்டைச் சீட்டு கட்டிய சாவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தப்பான சாவியைப் போட்டு, திட்டிக்கொண்டே சரியானதைத் தேடுவார். இங்கே பையைத் தொடவில்லை. ஸ்கூட்டர் சாவி தொங்கிய வளையத்திலேயே இன்னொரு சாவி இருந்தது. அதைப் போட்டுத் திறந்தார்.

“குடியிருக்கறவங்க வெளிய போயிருக்காங்க. ஓனர் காட்டச் சொன்னாரு, காட்டுறேன்,” என்றார் சுரத்தில்லாமல்.

கூடத்தைத் தாண்டிப் பின்கதவைத் திறந்ததும் மீனவருக்கு மூச்சே நின்றுவிட்டது. எதிரே மணல். மணலில் வரிசையாகப் படகுகள். நீலச் சாயம் உரிந்த, அவர் வேலைக்குப் போகிற படகு, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நின்றது. இங்கே குடியிருந்தால் அவரை விட்டுவிட்டு எவனால் கிளம்ப முடியும்?

தரகர் விடவில்லை. உப்புக் காற்றில் கதவுக் கீலெல்லாம் துருப்பிடிக்கும் என்றார். மழைக்கு அந்த மூலை ஒழுகும், பாத்திரம் வைக்க வேண்டும் என்றார். கடைசியாக, “ராத்திரி பூரா அலைச் சத்தம்ணே. கண்ணை மூட முடியாது,” என்றார்.

“அந்தச் சத்தம் இல்லாமத்தான் தம்பி எங்களுக்குத் தூக்கமே போச்சு,” என்றார் மீனவர்.

அதற்குள் மனைவி சமையலறையைப் பார்த்துவிட்டு வந்தாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் பளபளத்தன. பழைய சட்டைத் துணியில் தைத்த ஜன்னல் திரைகூட மடிப்புக் கலையாமல் தொங்கியது. குடியிருக்கிறவள் கெட்டிக்காரிதான் என்று மனசாரச் சொன்னாள். ஏன் காலி செய்கிறார்கள் என்றும் கேட்டாள்.

“ஓனர் வாடகையை ஏத்திட்டாருக்கா. அவங்களால முடியல.”

“பாவம், எங்க போவாங்க?”

தரகர் காதில் விழாததுபோல ஒழுகும் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக மனைவிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்தவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தால் இவர்கள் பிழைப்பு என்னாவது? அவளுடைய தம்பியும் அதே படகில்தான் போகிறான். இரண்டு குடும்பமும் சேர்ந்துகொண்டால் ஏற்றிய வாடகையைக்கூடச் சமாளித்துவிடலாம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று இருவரும் கண்ணாலேயே பேசி முடித்தார்கள்.

இதைச் சொன்னதும் தரகரின் முகம் செத்துப்போயிற்று. இரண்டு குடும்பம் என்றால் ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று இழுத்தார். வேறு வீடு பார்க்கலாம், கொஞ்சம் பொறுங்கள் என்றார்.

மீனவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எவனோ காசுள்ளவனுக்காக எடுத்து வச்சிருக்கீங்க. அதான் ஆயிரம் நொட்டை சொல்றீங்க. போனைப் போடுங்க, நானே பேசுறேன்.”

தரகர் எண்ணைத் தேடி அழுத்த வெகுநேரம் பிடித்தது. ஸ்பீக்கரில் ஓனரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. எத்தனை குடும்பம் வந்தால் என்ன, வாடகை தேதிக்கு வந்தால் போதுமாம். உள்ளே இருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லி எப்பவோ சொல்லியாயிற்றாம், நாளைக்கே குடிவரலாமாம். சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டார்.

மீனவரின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. கோபமும் அதோடு போய்விட்டது. “சாவியைக் குடுங்க தம்பி. நாளைக்குச் சாமானோட வந்துடறோம்,” என்று சிரித்த முகமாகக் கையை நீட்டினார்.

தரகர் வளையத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றப் பார்த்தார். வளையம் இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தும் சாவி வரவில்லை. அப்படியே அங்கிருந்த கட்டிலில் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

“ஒரு வாரம் மட்டும் பொறுத்துக்கங்கண்ணே. எங்களுக்கு இன்னும் வீடு கிடைக்கல.”