எடுத்தவர் பெயர்

"நீங்களும் எடுக்கத்தான் வந்தீங்களா?"

புகைப்படக்காரர் கேட்ட விதத்திலேயே வயிற்றெரிச்சல் தெரிந்தது. பின்பக்கக் கதவருகே நின்றவர் கொஞ்சம் தயங்கினார். தோளில் பெரிய கறுப்புப் பை. சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, பார்க்கக் கண்ணியமாகத்தான் இருந்தார்.

"ஆமா சார். நீங்க?"

"நானும் அதுக்குத்தான். காலையிலேருந்து எடுத்துட்டிருக்கேன்."

"அப்ப நம்ம ஆளுதான்," என்று நிம்மதியாகப் பையைக் கீழே வைத்தார் வந்தவர்.

ஒரு காலத்தில் ஆட்டிப்படைத்த காய்ச்சலுக்கு மருந்து கண்டுபிடித்த ஆய்வகம் அது. மருந்து உலகம் சுற்றப் போய்விட்டது. கட்டடத்தைப் பூட்டிவிட்டு எல்லாரும் மறந்து போனார்கள். இப்போது அருங்காட்சியகத்துக்குத் திடீரென்று ஞானோதயம் வந்து, உள்ளே இருப்பதைப் படமெடுத்துக் கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். சாவியைக் கொடுக்கும்போதே, "இன்னொருத்தரும் எடுக்கறேன்னு கேட்டிருக்காரு. யாரோடது நல்லாருக்கோ அதைத்தான் போடுவோம்," என்று கொளுத்திப் போட்டிருந்தார் அதிகாரி. பையோடு வந்தவர்தான் அந்த இன்னொருத்தர் என்று புகைப்படக்காரருக்குப் புரிந்துவிட்டது. எதையும் சட்டென்று புரிந்துகொள்கிறவர் அவர்.

அவருக்கு இது மானப் பிரச்சினை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலே மாமனார் ஆரம்பித்துவிடுவார். "இத்தனை வருஷமா நீங்களும் க்ளிக் க்ளிக்னு என்னத்தையோ பண்றீங்க மாப்பிள்ளை. ஒரு தடவையாவது பேப்பர்ல உங்க பேரு வந்திருக்கா?" மைத்துனன் சிரிப்பான். மனைவி சிரிக்க மாட்டாள், மறுத்துப் பேசவும் மாட்டாள். இந்தக் கண்காட்சியை விட்டால் இன்னொரு வாய்ப்பு வராது.

"என்ன வச்சிருக்கீங்க?" என்று பையைக் கண்ணால் அளந்தார்.

"பெருசா ஒண்ணுமில்ல சார். கைக்கு அடக்கமா ரெண்டு மூணு சாமான். நமக்கு அது போதும்."

இதை வைத்துக்கொண்டு என்னத்தைக் கிழிக்கப் போகிறான் என்று புகைப்படக்காரருக்குத் தெம்பு வந்தது. "இந்த மாதிரி பாழடைஞ்ச இடமெல்லாம் பழக்கமா?"

"ஆளில்லாத இடம்தான் சார் எனக்கு. ஆள் இருந்தா கை ஓடாது."

"கல்யாண வீட்டுல எடுக்க மாட்டீங்க?"

"ஆரம்பத்துல எடுத்தேன். கூட்டத்துல இடிச்சுத் தள்ளுறாங்க, ஒண்ணும் தேற மாட்டேங்குது. விட்டுட்டேன்."

"இங்க வெளிச்சம் கம்மியா இருக்கே?"

"இருட்டுலயே எடுத்துப் பழகின கை சார் இது."

ஃப்ளாஷ்கூட இல்லாமல் எடுக்கிறான். இவருக்கு வந்த தெம்பு வந்த வழியே போனது. மெதுவாகக் கேட்டார். "எங்கயாவது மாட்டியிருக்கீங்களா?"

வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு தடவை."

"எவ்வளவு நாள் வச்சிருந்தாங்க?"

"முதல்ல ஆறு மாசம். அடுத்த தடவை ஒரு வருஷம்."

புகைப்படக்காரர் தன் கணக்கைப் போட்டுப் பார்த்தார். இவர் படங்களை ஒரே ஒருமுறை நூலகத்து மாடிப்படி ஓரம் மாட்டினார்கள். சுவருக்கு வெள்ளையடிக்கணும் என்று மூன்றாம் நாளே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் மாட்டி வைக்கப்பட்டவனோடு மோதி ஜெயிக்கவா முடியும்? பேசாமல் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"ஒண்ணு பண்ணலாம். ரெண்டு பேரும் சேர்ந்தே எடுப்போம். எதை எடுக்கணும்னு நான் சொல்றேன். இந்த இடம் எனக்கு அத்துப்படி."

"ரொம்ப நல்லதாப் போச்சு சார்."

"இந்தக் குடுவை, குழாயெல்லாம் விடுங்க. அதை எவன் வேணா எடுப்பான். அதோ அந்தப் பித்தளை மைக்ராஸ்கோப்பை எடுங்க. மருந்தைக் கண்டுபிடிச்சதே அதை வச்சுத்தான். அப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கே தராசு, அந்த மாதிரி இன்னொண்ணு எங்கேயும் கிடையாது. கை நடுங்காம எடுக்கணும்."

"சத்தமே வராம எடுப்பேன் சார்."

"ஆனா ஒரு கண்டிஷன். யார் கேட்டாலும் சேர்ந்து எடுத்ததுன்னு சொல்லணும். என் பேருதான் முதல்ல வரணும்."

வந்தவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். கண்கூடக் கலங்கிவிட்டது. "இந்தத் தொழில்ல இப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல சார். சத்தியமா உங்க பேரைத்தான் முதல்ல சொல்லுவேன்."

பொறாமை பிடித்த தொழிலில் இப்படியும் ஒரு தங்கமான மனுஷன் என்று புகைப்படக்காரர் நெகிழ்ந்துபோனார். பெயர், முகவரி எல்லாம் சொல்லி மனப்பாடம் செய்யவைத்தார்.

"எனக்கு சார்ஜ் தீர்ந்துபோச்சு. நான் கிளம்பறேன். நீங்க நிதானமா எடுத்துட்டு, பூட்டிச் சாவியை ஜன்னல் மேல வச்சுடுங்க."

"நீங்க கவலைப்படாமப் போங்க சார். ஒண்ணு விடாம எடுத்துடறேன்."

மறுநாள் காலை, "இனிமே தினமும் பேப்பரை ஒழுங்காப் படிங்க மாமா," என்று வீட்டில் இவர் அலட்டிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. வாசலில் வாட்டசாட்டமாக ஒருவர், கையில் பேனாவோடு.

"பழைய லேப்ல எடுத்தது நீங்கதானா?"

நிருபர் வீடு தேடியே வந்துவிட்டார். மாமனாருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று இவர் குரலை உயர்த்தினார். "நானும் இன்னொருத்தரும் சேர்ந்து எடுத்தோம். ஆனா எதை எடுக்கணும்னு காட்டிக் கொடுத்ததே நான்தான். என் பேரு முதல்ல இருக்குல்ல?"

"இருக்கு," என்று பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார் வாசலில் நின்றவர். "நேத்து சாயந்திரம் மைக்ராஸ்கோப்பும் தராசுமா எங்ககிட்ட மாட்டினவன், உங்க பேரு முதல்ல வர்றதை மட்டும் மாத்தவே கூடாதுன்னு அழறான். நாளைக்குப் பேப்பர்லயும் அதே வரிசையிலதான் வரும், ஜீப்புல ஏறுங்க."