பிரடெரிக்கின் ரத்தம்

திரையில் மூன்று கோடுகள் ஒளிர்ந்தன. ஒன்று கடல்பாம்பின் விஷம். ஒன்று நல்லபாம்பின் விஷம். மூன்றாவது, பிரடெரிக்கின் ரத்தம்.

மூன்றும் ஒரே உயரத்தில் இருந்தன.

ஆஸ்லின் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பாம்பனிலிருந்து அதிகாலையில் கிளம்பிய விசைப்படகில் பிரடெரிக் இறந்து பதினெட்டு நாள் ஆகிறது. அன்று காலை ஏழு மணிக்கு அவன் மனைவி பிரெசில்லாவுக்கு போன் செய்திருக்கிறான். வலையில் வந்த பாம்பு கடித்துவிட்டது, கரைக்குத் திருப்பச் சொல்லியிருக்கிறேன் என்று. படகு கரைக்கு வந்தது மாலை ஐந்துக்கு. மீன் பெட்டிகள் நிறைந்திருந்தன.

படகின் டிரைவரும் மற்ற மூவரும் வேறு சொன்னார்கள். கடலில் எதுவும் கடிக்கவில்லை. கிளம்பும் முன் பனங்காட்டுப் பக்கம் ஒதுங்கியவனை நல்லபாம்பு கடித்திருக்கும். யாரிடமும் சொல்லாமல் வந்து படுத்தவன், பிறகு எழுந்திருக்கவேயில்லை. போனில் பேசியது மயக்கத்தில் உளறியது.

ஊரில் பாதிப் பேர் அவர்களை நம்பினார்கள். பிரெசில்லா காவல் நிலையத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். பிரேதப் பரிசோதனையில் எடுத்த ரத்தம், மண்டபம் ஊரில் கடல்பாம்பு விஷத்தை ஆராயும் இந்தக் கூடத்துக்கு வந்தது.

முதல் சோதனைக்கு ஆஸ்லின் தானே தயாரித்த பாலிகுளோனல் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைப் போட்டிருந்தாள். கடல்பாம்பு விஷத்தைச் சிறுகச் சிறுக முயல்களுக்கு ஏற்றி, அவற்றின் ரத்தத்திலிருந்து எடுத்தது. ஓராண்டு வேலை. பல வகை ஆன்டிபாடிகள் அதில் கலந்திருக்கும். விஷப் புரதத்தை ஒன்று ஓரிடத்தில் பிடிக்கும், இன்னொன்று வேறிடத்தில். துளி விஷத்தையும் தப்பவிடாது.

ஆனால் நல்லபாம்பு கடல்பாம்புக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டு விஷத்துக்கும் பொதுவான இடங்கள் உண்டு. அதனால் இரண்டையுமே பிடித்துவிட்டது.

அவளுடைய ஆய்வு வழிகாட்டி இஃப்திகார் சார் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"பாம்பு விஷம் இருக்கு, எந்தப் பாம்புன்னு தெரியலைன்னு எழுதிருவோம்மா. அது பொய்யும் இல்ல. உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"மோனோகுளோனல் ஒரு தடவைக்கு மிச்சம் இருக்கு சார். போட்டுப் பாத்துர்றேன்."

மோனோகுளோனல் ஒரே செல்லின் வழியில் வந்தது. அத்தனையும் ஒரே மாதிரி, புரதத்தில் ஒரே ஓர் இடத்தை மட்டும் பிடிக்கும். அந்த இடம் கடல்பாம்பு விஷத்தில் இருக்கிறது, நல்லபாம்பு விஷத்தில் இல்லை.

குப்பியின் அடியில் இருபது மைக்ரோலிட்டர்தான் இருந்தது. பிரடெரிக்கின் ரத்தமும் ஒரு தடவைக்குத்தான். கை தவறினால் முடிந்தது.

அவள் இன்னொன்றும் கேட்டாள்.

"குழாய்க்கெல்லாம் நீங்களே நம்பர் போடுங்க சார். எது பிரடெரிக் அண்ணனோடதுன்னு எனக்குத் தெரியக் கூடாது."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று நான்கு குழாய்களுக்கும் எண் எழுதினார். இரண்டு விஷங்கள், பிரடெரிக்கின் ரத்தம், ஒப்பிட்டுப் பார்க்க நலமாக இருக்கும் ஒருவரின் ரத்தம். பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்லின் புரதங்களைப் பிரித்தாள். வெள்ளைச் சவ்வில் ஏற்றினாள். கடைசித் துளிவரை ஆன்டிபாடியை எடுத்து, அதில் சவ்வை ஊறவைத்தாள். சாப்பிடப் போகவில்லை. மூன்று முறை கழுவினால் போதும், ஐந்து முறை கழுவினாள். சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் எதுவும் மிஞ்சக் கூடாது.

நான்கரை மணிக்குப் படம் வந்தது.

ஒன்று, வெறுமை. இரண்டில் தடித்த கோடு. மூன்றில் மெல்லிய கோடு, ஆனால் சந்தேகமே இல்லை. நான்கு, வெறுமை.

சார் பட்டியலைப் பிரித்தார். "ரெண்டு, கடல்பாம்பு விஷம்." அடுத்த வரியில் விரலை வைத்தார். "மூணு, பிரடெரிக்."

அறிக்கை ஐந்து வரிதான். அவள் தட்டச்சு செய்தாள், அவர் கையெழுத்திட்டார்.

"நாளைக்கு அனுப்புவோமே. இன்னைக்கு வீட்டுக்குப் போயிட்டு வாம்மா."

"இன்னைக்கே அனுப்பிருங்க சார்."

அது போய்ச் சேர்ந்ததைத் திரையில் பார்த்த பிறகுதான் வெளியே வந்தாள். காற்று மணலை வாரி அடித்தது. சுவரோரம் ஒதுங்கி நின்று வீட்டுக்கு போன் செய்தாள். இரண்டாவது மணியிலேயே அப்பா எடுத்துவிட்டார்.

"அய்யா, பிரடெரிக் அண்ணனைக் கடிச்சது கடல்லதான். ரிப்போர்ட் போயிருச்சு."

எதிர்முனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"டிரைவர் நீங்கதானய்யா. நீங்க திருப்பியிருக்கலாம்ல."

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"போலீஸ் வரட்டும்னு உக்காந்திருக்க வேணாம். மொதல்ல பிரெசில்லா அக்கா வீடு. அப்புறம் ஸ்டேஷன். ரெண்டு இடத்துக்கும் நானும் கூட வாரேன்."



"எந்த பஸ்ல வார, பாப்பா?"