முதல் ‘ம்’ வரும் வரை

மறுநாள் இன்டர்வியூ. கம்ப்யூட்டர்களின் வேகத்தைச் சோதிக்கும் வேலை. ஆறு மாதமாக வேலையில்லாத கணவன் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"லேட்டன்சி, ரெஸ்பான்ஸ் டைம், த்ரூபுட்... எல்லாம் ஒண்ணாவே தெரியுது!"

அவன் சட்டையை இஸ்திரி போட்டபடியே மனைவி சொன்னாள்: "குழாய் ஒழுகுதுன்னு உங்களைக் கூப்பிடுறேன். நீங்க முதல்ல 'ம்'னு சொல்ற வரைக்கும் ஆகிற நேரம் லேட்டன்சி. எழுந்து வந்து, சரிபண்ணி முடிக்கிற வரைக்கும் ஆகிற மொத்த நேரம் ரெஸ்பான்ஸ் டைம். ஒரு நாள்ல இந்த மாதிரி எத்தனை வேலையை முடிக்கிறீங்களோ, அது த்ரூபுட்."

"அது பூஜ்யம்னு சொல்ல வர்றியா?"

"நான் சொல்லலையே!"

"பரவாயில்லையே, வேலையை விட்டு வீட்டுல இருந்தும் இவ்வளவு ஞாபகம் வச்சிருக்கே!"

அவள் சிரித்தாள். "நாளைக்குக் காலையில எனக்கு வெளியே ஒரு வேலை இருக்கு. நீங்க கதவைப் பூட்டிட்டுக் கிளம்புங்க."

மறுநாள் மதியம் இன்டர்வியூவில், அந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வியே வந்தது. குழாய்க் கதையை அப்படியே ஒப்பித்தான். எதிரே இருந்த மூன்று அதிகாரிகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"தப்பா சார்?"

"ரொம்பச் சரி. ஆனா காலையில வந்த ஒரு மேடமும் இதையேதான் சொன்னாங்க, அவங்க வீட்டுக்காரரை வச்சு! குழந்தைக்காக விட்ட வேலைக்குத் திரும்ப வர்றாங்களாம். டீம் லீடரா எடுத்துட்டோம்."

அவன் மெல்லச் சொன்னான்: "அது... என் சம்சாரம் சார்."

"அப்படியா! அவங்களுக்குக் கீழேதான் ஒரு இடம் காலியா இருக்கு. அவங்களையே கேட்டுடுவோம்."

பெரிய அதிகாரி ஸ்பீக்கரில் போனைப் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

மறுமுனையில் கொஞ்சம் சிரிப்பு. பிறகு பதில்:

"எடுத்துக்கலாம் சார். வீட்டுலதான் அப்படி. ஆபீஸ்ல மேலதிகாரி பேச்சை அவர் தட்டவே மாட்டார்!"