வண்டி பூட்டிய கை

"கை நடுங்கல, பாத்தியா?" என்றார் கண் டாக்டர், ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக் காட்டி.

மனைவி பார்த்தாள். அதன் முனை லேசாக ஆடிக்கொண்டுதான் இருந்தது. "ஆமாங்க, நடுங்கல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு ரிமோட் கார் துண்டு துண்டாகக் கிடந்தது. உதிரி பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும், மணலில் குதித்தோடும் பந்தய வண்டி. 'பக்கி' என்று பெயராம். பெட்டி வந்த அன்று, "நல்லா வச்சாங்க பேரு" என்று அவள் கேலி செய்தாள். அன்றைக்குக் கேலி செய்ய முடிந்தது. பள்ளிக்கூட நாளில் அவர் பூட்டிய அதே வண்டியை, அதே அச்சில், கம்பெனிக்காரன் இத்தனை வருஷம் கழித்து மறுபடியும் போட்டிருக்கிறான்.

காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து அவருடைய வலது கை விரல்கள் சொன்ன பேச்சு கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஓய்வு கொடுத்திருந்தார்கள். இந்த வண்டியைப் பிசகில்லாமல் பூட்டி ஓடவிட்டால் கை சரியாகிவிட்டதாக அர்த்தம், அதற்கப்புறம்தான் ஆபரேஷன் என்று அவரே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார்.

நடுங்கும் கை ஒரு கண்ணை என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளும் அதே ஆஸ்பத்திரியில் கண் டாக்டராக இருந்து ஆபரேஷன் செய்தவள்தான். ஒருநாள் கத்தி பிடித்த அவள் கை ஒரு நொடி உதறிவிட்டது. நல்லவேளை, நோயாளிக்குப் பார்வை போகவில்லை. இவளுக்குத்தான் தைரியம் போய்விட்டது. ஆளை விட்டால் போதும் என்று பெரிய டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள்.

அவர் மாலையில் பூட்டுவார். காலையில் அவர் நடக்கப் போனதும் இவள் மேசையருகே போய்ப் பார்ப்பாள். முதல் நாளே ஒரு ஸ்க்ரூ கோணலாக ஏறியிருந்தது. பாவம், மனுஷன் நொந்துபோவாரே என்று கழற்றி நேராக்கி வைத்தாள். அதுதான் அவள் செய்த முட்டாள்தனம். மறுநாள் ஒரு பல்சக்கரம் தலைகீழாக உட்கார்ந்திருந்தது. அடுத்து, அச்சைப் பிடித்து நிறுத்தும் நகக்கண் அளவு வளையம் பாதியில் தொங்கியது. கூட வந்த படப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றையும் சரிசெய்தாள்.

அவரோ மாலையில் வண்டியைத் தடவிப் பார்த்து, நேற்றைய வேலை கச்சிதம் என்று தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொள்வார். அவளால் சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. அவருடைய நடை நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனதால் அகப்படாமல் தப்பித்தாள்.

பின்பக்க கியர்தான் அவளைப் படுத்தி எடுத்தது. கடுகைவிடச் சற்றே பெரிய எஃகு உருண்டைகளை, கிரீஸ் தொட்டு, வட்டமாக இருக்கும் குழிகளில் ஒவ்வொன்றாக உட்காரவைக்க வேண்டும். அவர் வைத்ததில் பாதி குழிக்கு வெளியே கிடந்தன. வாசல் கதவில் ஒரு காதை வைத்துக்கொண்டு, இடுக்கியால் எல்லாவற்றையும் எடுத்து வைத்து மூடியபோது முதுகெல்லாம் வியர்த்திருந்தது.

சனிக்கிழமை மாலை வண்டி முழுசாகிவிட்டது. திங்கட்கிழமைக்கு ஆபரேஷன் தியேட்டர் சொல்லியாகிவிட்டது என்றார் அவர், பேச்சோடு பேச்சாக. யாரோ டீச்சரம்மாவாம், கண்புரையாம்.

இந்த மனுஷன் கத்தி எடுக்கத் துணிந்ததே தன்னால்தான். அந்த அம்மாள் இவர் கையை நம்பிப் படுக்கப் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பேனரோடு வண்டியருகே உட்கார்ந்தாள். ஒரு சக்கரத்தின் நட்டைத் தளர்த்திவிட்டால் போதும், தெருவில் கவிழும், பரீட்சையில் தோற்பார். ஸ்பேனரை நட்டில் மாட்டும்போதே அவர் வாசல் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். நட்டைத் திருகாமலே எழுந்துகொண்டாள்.

வண்டி தெருவில் இறங்கியது. வேகத்தடையில் ஏறிக் குதித்து, ஓரத்து மண்ணை வாரியிறைத்து, ஒரு ஸ்க்ரூகூடச் சிந்தாமல் திரும்பி வந்து அவள் காலடியில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் கைதட்டிவிட்டு உள்ளே போனார்.

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம் என்று பட்டது அவளுக்கு.

"என்னங்க, அந்த டீச்சரம்மா கண்ணைத் தொடாதீங்க. இந்த வண்டிய நீங்க பூட்டல. தினம் காலையில கழட்டிக் கழட்டிப் பூட்டினது நான்."

கத்துவார் என்று நினைத்தாள். அவர் ரிமோட்டை அணைத்துவிட்டு வண்டியைக் கையில் எடுத்தார்.

"முதல் நாள் ஸ்க்ரூ நிஜமாவே கோணிடுச்சும்மா. இனிமே இந்தக் கை ஆகாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. ஆபரேஷன் பண்ண மாட்டேன்னு பெரிய டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப தியேட்டர்?"

"மறுநாள் பாத்தா அந்த ஸ்க்ரூ நேரா இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் பண்ணின தப்பெல்லாம் வேணும்னே பண்ணினது, ஒண்ணைவிட ஒண்ணு கஷ்டமா. அத்தனை உருண்டையையும் பயந்து பயந்து வச்சியே, ஒரு தடவையாவது கை நடுங்குச்சா?" என்றார் அவர். "பெரிய டாக்டர் பக்கத்துலயே இருப்பாரு, நானும் நிக்கிறேன். நாளைக்கு டீச்சரம்மாவுக்குக் கத்தி பிடிக்கப்போறது நீதான்."