பச்சை விளக்கு

தவமணி தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கணவன் பரமகுருவுக்குக் கொடுத்திருந்தாள். விடிந்ததும் கழிப்பறைக்கு முதலில் வரும் சிறுநீரில், அந்தச் சிறுநீரகம் தன் அடையாளத்தோடு உதிர்த்த நுண்குமிழ்களை அங்குள்ள கருவி தேடிப் படிக்கும், நாளுக்கு ஒருமுறை மட்டும். நலமென்றால் பச்சை விளக்கு எரியும்.

கொஞ்ச நாளாக அவன், "நீ முதல்ல போயிட்டு வா" என்கிறான். அவளும் போவாள். தினமும் பச்சைதான்.

இன்று அவன் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை.

"பச்சைதானே எரியுது..." என்றவள் நிறுத்தினாள். அவளுக்குள் மீதமிருப்பதும் அதே அடையாளமுள்ள சிறுநீரகம். கருவி இத்தனை நாளும் படித்தது அதைத்தான்.

"தெரிஞ்சுதான் என்னை முதல்ல அனுப்புனீங்களா?"

"ஒருநாள் சிவப்பு எரிஞ்சுது. நீ குடுத்தது வீணாப்போகுதுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

தவமணி அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கிட்னிதான் பொழைக்கணும்னா என்கிட்டயே வச்சிருந்திருப்பேன். எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."