ஒற்றைத் தோணி, இரட்டைத் தோணி

அக்கினியாற்றில் செம்மண் கரைந்த வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடுகிறது. அக்கரையில் செங்கமலத்தின் அப்பா, தன் வீட்டுக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்ட பேத்தியைக் கம்பளியில் சுற்றித் தோளில் சாய்த்தபடி நிற்கிறார். பிள்ளையை இக்கரைக்குக் கொண்டுவந்தால்தான் கறம்பக்குடி ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். பிள்ளையின் அப்பா நாகராசு, இக்கரையில் மனைவி செங்கமலத்தோடு நின்று, கட்டிக் கிடக்கும் இரண்டு பனந்தோணிகளையும் மாறி மாறிப் பார்க்கிறான். சின்னது ஒரே பனையைக் குடைந்தது. ஓர் ஆள்தான் உட்காரலாம், நினைத்த பக்கம் சட்டெனத் திரும்பும். பெரியது இரண்டு மரங்களைச் சேர்த்துக் கட்டியது. எளிதில் கவிழாது, திரும்பத்தான் நேரமெடுக்கும். முன்னும் பின்னும் ஆள் வேண்டும். அதன் போக்கு பின்னால் இருப்பவர் கையில். நடு ஆற்றில் தண்ணீர் பாறையில் மோதி நுரைத்து எழுகிறது. மேக இடுக்கில் வந்த வெயில் அந்த நுரையின்மேல் மட்டும் விழுகிறது. "சின்னதே போதும். நான் மட்டும் போயிட்டு வாரேன்," என்கிறான். "போயிருவீங்க. வரும்போது பிள்ளைய எங்க வப்பீங்க, தலையிலயா?" செங்கமலம் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகுகிறாள். கண்மாயில் தாமரை இலை பறிக்கத் தோணி விட்டுப் பழகியவள். "கண்மாய்த் தண்ணி சும்மா கெடக்கும் புள்ள. இது இழுக்கும்," என்கிறான் நாகராசு. "இழுக்குறது எனக்கும் தெரியுது. ஒங்களது மொரட்டுக் கை. முன்னாடி இருந்து தள்ளத்தான் லாயக்கு." அவன் சிரிக்கவில்லை. ஆற்றில் அவன் இதுவரை யார் கையையும் நம்பி இறங்கியதில்லை. அக்கரையில் கிழவர் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றுகிறார். அதன் கை துவண்டு தொங்குகிறது. நாகராசு பெரிய தோணியை அவிழ்த்து, முன்பக்கம் ஏறி, மனைவிக்கு முதுகைக் காட்டி உட்காருகிறான். பின்னால் அவள் துடுப்பு தண்ணீரில் இறங்கும் ஓசை கேட்கிறது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.