கழலாத பைப்

"சார், எங்க ஊர்ப் பூட்டு லட்சம் செஞ்சாலும் ஒண்ணோட சாவி இன்னொண்ணுக்குச் சேராது. அம்புட்டு நுணுக்கம்!" என்றார் சுப்புராஜ், வத்தலக்குண்டில் கார் ஏறியதிலிருந்து மூன்றாவது தடவையாக.

மேனேஜர் ஆரோக்கியதாஸ் கண்ணைத் திறக்கவே இல்லை. "பூட்டு இருக்கட்டும் சுப்புராஜ். எனக்கு வேண்டியது, பைப் கழலக் கூடாது. அதைச் சொல்லுங்க."

ஆரோக்கியதாஸின் கம்பெனி மெட்ராஸில் வாக்குவம் கிளீனர் செய்கிறது. திண்டுக்கல்லில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் சுப்புராஜ்தான் இந்த வட்டாரத்துக்கு ஏஜெண்ட். மிஷின் என்னவோ நல்ல மிஷின்தான். சக்கரம் வைத்த இரும்பு டப்பா, அதன் வாயில் செருகிய நீளமான பைப், பைப் முனையில் தூசியை உறிஞ்சும் மூக்கு. கேடு எங்கே என்றால், டப்பாவை நகர்த்த வேண்டுமானால் யாரும் டப்பாவைத் தொடுவதில்லை. கன்றுக்குட்டியைக் கயிற்றோடு இழுக்கிற மாதிரி பைப்பைப் பிடித்து இழுப்பார்கள். அது பொசுக்கென்று கழன்றுவிடும்.

கொடைக்கானல் ஓட்டல் ஒன்றில், பைப் கழன்றது தெரியாமல் ஒரு வேலையாள் காலை முழுக்கக் கம்பளத்தைச் சும்மா தடவிக்கொண்டிருந்தாராம். ஓட்டல்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் மேனேஜர் மலையை விட்டு இறங்கியிருக்கிறார்.

"பம்பாயில ஒருத்தர் செஞ்சு தரேங்கிறார். உங்க பூட்டுக்கார ஆள் செய்யிற சரக்கு சரியில்லைன்னா ஆர்டர் அங்கதான் போகும்."

சுப்புராஜுக்குச் சுருக்கென்றது. பூட்டுக்குப் பேர் போன ஊரில் ஒரு பைப்பை மாட்டி நிறுத்த ஆள் இல்லையா? இதற்குப் பம்பாய்க்காரன் வர வேண்டுமா? இது கம்பெனி ஆர்டர் இல்லை, ஊர் மானம் என்றே அவருக்குப் பட்டது.

திண்டுக்கல்லில், பட்டறை வாசலில் கண்ணுசாமி மீசையை முறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். மூன்று தலைமுறையாகப் பூட்டு செய்கிற குடும்பம்.

"வாங்க, வாங்க. செத்த நேரம் உக்காருங்க. அங்கம்மா, ரெண்டு கலர் சோடா வாங்கியா!"

"கலர் அப்புறம். மாதிரிக்குப் பத்து ஜோடி செய்ய இவ்வளவு நாளா?" என்றார் மேனேஜர்.

"ஒவ்வொண்ணா அரத்தால ராவணும்ல? குழியில ஊத்திக் கவுத்து எடுக்க இது என்ன பணியாரமா?"

கேட்டீர்களா என்பதுபோல் சுப்புராஜ் மேனேஜரைப் பார்த்தார்.

டப்பாவின் வாயில் பதிக்க ஒரு பித்தளை வளையம். அதில் செருகும் பைப் முனையில் மாட்ட ஒரு பித்தளைக் குப்பி. இரண்டும் சேர்ந்தது ஒரு ஜோடி. பத்து ஜோடியையும் தனித்தனியாகச் சணல் கட்டி வைத்திருந்தார் கண்ணுசாமி. ஒரு ஜோடியைப் பிரித்து மேனேஜர் கொண்டுவந்த மிஷினில் பொருத்தினார். பைப்பை வாயில் வைத்து ஒரு அழுத்து. 'டக்'.

"இழுங்க."

சுப்புராஜ் இழுத்தார். மேனேஜர் இழுத்தார். அசைவேனா என்றது.

"தள்ளுங்க, இதெல்லாம் ஒரு இழுப்பா?" என்று வந்தார் கண்ணுசாமியின் மனைவி அங்கம்மாள். கிணற்றில் வாளி வாளியாக இறைத்த கை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். டப்பா கடகடவென்று உருண்டு அவர் பின்னாலேயே பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பைப் கழலவில்லை!

"கழட்டணும்னா?" என்றார் மேனேஜர்.

கண்ணுசாமி பக்கவாட்டுப் பொத்தானை ஒற்றை விரலால் அழுத்தினார். பைப் சத்தமில்லாமல் கையோடு வந்தது.

மேனேஜரின் முகத்தில் காலையிலிருந்து காணாத சிரிப்பு. "பிரமாதம்! பம்பாய் வேண்டாம். ஆயிரம் ஜோடி, ஆர்டர் உங்களுக்குத்தான்."

சுப்புராஜுக்கு மலைக்கோட்டை உச்சியில் ஏறி நின்ற மாதிரி இருந்தது. "நான்தான் சொன்னேன்ல சார்! திண்டுக்கல்லுன்னா சும்மாவா?" கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. கண்ணுசாமியின் தோளைக் கட்டிக்கொண்டார்.

"எனக்குப் பெரிய தலைவலி விட்டது," என்றார் மேனேஜர். "இனி எந்த ஓட்டல்ல பைப் கிழிஞ்சாலும் கவலையில்லை. புதுசு ஒண்ணு பார்சல்ல அனுப்பினா, அவங்களே மாட்டிக்குவாங்க."

சொல்லிக்கொண்டே இன்னொரு ஜோடியின் சணலைப் பிரித்து, அதன் குப்பியை எடுத்து மிஷினின் வாயில் வைத்து அழுத்தினார். நுழையவில்லை. திருப்பி வைத்து அழுத்தினார். ஊகூம். மூன்றாவது ஜோடியின் குப்பியை எடுத்தார். அதுவும் முரண்டு பிடித்தது.

"என்ன இது?"

சுப்புராஜின் சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணுசாமியின் சிரிப்போ இப்போதுதான் முகம் முழுக்க விரிந்தது.

"அது எப்படிங்க நொழையும்? பத்துக்கும் பத்து தினுசாப் பல்லு வெட்டியிருக்கேன். ஆயிரம் செஞ்சாலும் ஒண்ணோடது இன்னொண்ணுக்குச் சேராது," என்று நெஞ்சை நிமிர்த்தினார். "ஏன், சுப்புராஜு தம்பி வர்ற வழியில உங்ககிட்டச் சொல்லலையா?"